நானூற்று ஒன்றுக்குப் பிறகு

நர்ஸ் கொடுத்த கத்தரிக்கோல் மொண்ணை. அப்பாவின் மணிக்கட்டில் கிடந்த பிளாஸ்டிக் பட்டையை இரண்டு தரம் வெட்டியும் அறுபடவில்லை. மூன்றாம் தரம் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், வந்துவிட்டது. அதில் அப்பாவின் நோயாளி எண்: 250717.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவளால் உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அப்பாவின் உடலை எடுத்துப்போக வண்டி இன்னும் வரவில்லை. தம்பியையும் காணோம். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன். இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை அந்த மகராசனுக்கு.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர் அப்பா. எந்த எண் கண்ணில் பட்டாலும் அது எதால் வகுபடும் என்று பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பிள்ளைகளையும் அப்படியே வளர்த்தார். முதலில் வகுத்தவர் "உடைச்சாச்சு!" என்று கத்த வேண்டும். "எங்கே, திருப்பிப் பெருக்கு" என்பார். பெருக்கிக் காட்டாவிட்டால் செல்லாது. கால்குலேட்டரைத் தொட்டால் கொன்றே போடுவார்.

தம்பி ஓடி வந்தான். அறைக்குள் போனான், உடனே வெளியே வந்துவிட்டான்.

"கடைசியா என்ன சொன்னாருக்கா?"

"உன்னைத்தான் கேட்டுக்கிட்டே..." என்று ஆரம்பித்தவள் அந்தப் பொய்யைப் பாதியிலேயே விட்டாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நானூத்தி ஒண்ணு."

"என்னது?"

"அதான்டா சொன்னார். அப்புறம் மூச்சு இல்ல."

"சாகும்போதும் கணக்குதானா? என்னைப் பத்தி ஒரு வார்த்தை வரலயா அந்த மனுஷனுக்கு?"

அவள் பட்டையை அவன் கையில் திணித்தாள். "காலையில நீ வர்றேன்னு போன் பண்ணினேல்ல? அப்பத்தான் இந்த நம்பரை எடுத்து, ஒவ்வொரு பகா எண்ணா வகுத்துப் பார்க்க ஆரம்பிச்சார். 'இது பகா எண்ணுடி, எதாலயும் உடையாது. ஐந்நூறு வரைக்கும் பார்த்துட்டாப் போதும். அவன் வர்றதுக்குள்ள முடிச்சிடணும், இல்லேன்னா அந்தப் பய வந்து என் மானத்தை வாங்கிடுவான்'னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்டா."

தம்பி சுவரில் சாய்ந்தான். சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தான்.

"நானூத்தி ஒண்ணு போச்சா?"

"இல்ல. நான் பார்த்துட்டேன். தொண்ணூத்தி ரெண்டு மீதி."

"அடுத்த பகா எண் நானூத்தி ஒன்பது." அவன் உதடுகள் அசைந்தன. "அறுநூறு தடவை போட்டா ரெண்டு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரத்து நானூறு. மிச்சம் ஐயாயிரத்து முந்நூத்திப் பதினேழு. அதுல பதிமூணு தடவை..." நிறுத்திவிட்டான். "அக்கா."

"என்னடா?"

"அறுநூத்திப் பதிமூணு. மீதி இல்ல."

ஐயோ, அடுத்ததிலேயே இருந்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு எண் போயிருந்தால் அவரே பிடித்திருப்பார். அடிவயிற்றிலிருந்து வந்த அழுகையை அவள் அடக்கவில்லை.

"உடைச்சாச்சு," என்றான் தம்பி, அறைக் கதவைப் பார்த்து, மெதுவாக.

வாசலில் வண்டி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "எடுக்கலாமாங்க?"

"ஒரு நிமிஷம்ங்க." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தம்பியிடம் திரும்பினாள். "டேய், திருப்பிப் பெருக்கு."

அவன் பெஞ்சில் உட்கார்ந்து, பலகைமேல் விரலால் எழுத ஆரம்பித்தான்.