டெஸ்ட் என்று எழுதிய கேசட்

அப்பா போய் எட்டு நாள் ஆகியும் பரத்வாஜின் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இதை அவன் மட்டும் கவனித்திருந்தால் பரவாயில்லை. மயிலாப்பூரில் துக்கம் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் யார் எப்படி அழுகிறார்கள் என்று பார்த்துப் போகத்தான் வருகிறார்கள். சித்திரைக்குளத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அம்மா காமாக்ஷியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் பிள்ளையை அளந்துவிட்டுப் போனார்கள். அக்கா மதுவந்தி ஓரக்கண்ணெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. "கல்லுக்குக்கூட வேர்க்கும்டா" என்று நேராகவே சொன்னாள்.

பரத்வாஜுக்கும் அது புரியாமல் இல்லை. காலையில் சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டான். ஒரு வேளை சாப்பிட்டான், தரையில் படுத்தான், முகத்தில் முள்முள்ளாகத் தாடி வளர்ந்தது. கர்த்தாவுக்கு உரியதெல்லாம் குறைவில்லாமல் நடந்தது, அழுகையைத் தவிர. அதைவிட மோசம், எள்ளுத் தண்ணீர் விரலிடுக்கில் இறங்கும்போது அவன் தலைக்குள் ஒரு இத்தாலிக்காரி பாடிக்கொண்டிருந்தாள். சாஸ்திரிகள் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் அவளும் நிறுத்தினாள். இதைவிடப் பாவம் இருக்க முடியுமா என்று அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இந்தப் பைத்தியம் பிடித்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். தி. நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவன், வெளிநாட்டு வேலைக்கு உதவும் என்று ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தான். ஜெர்மன் வரவில்லை, ஆப்பரா வந்தது. வாத்தியாரம்மா ஒரு நாள் வகுப்பு முடிந்து மோட்சார்ட்டைப் போட்டாள். மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட, இவன் மட்டும் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தான். நாலு பேர் ஒரே சமயத்தில் நாலு விதமாகப் பாடுகிறார்கள், ஒருத்தன் கோபப்படுகிறான், ஒருத்தி சிரிக்கிறாள், எதுவும் எதன் மேலும் இடிக்கவில்லை. வீட்டில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினாலே ரணகளம் ஆகிவிடுகிற குடும்பத்துப் பிள்ளைக்கு அது பெரிய அதிசயம்தான். அப்புறம் வெர்டி, அப்புறம் புச்சினி. ஒரு பெண் குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, இதற்கு மேல் இடமில்லை என்று நாம் நினைக்கிற இடத்துக்கு மேலே போய் நிற்கும்போது, அவனுக்கு உள்ளங்கால் கூசும். வார்த்தை ஒன்றும் புரியாது. புரியாததே நல்லது என்று தோன்றும்.

அப்பா சங்கரனுக்கு இது பொறுக்கவில்லை. மனிதர் கச்சேரிப் பைத்தியம். பெண்ணுக்கு ராகத்தின் பெயரை வைத்தவர். சபா சபாவாக அலைந்து பதிவு செய்த கேசட்டுகளைச் சுவர் அலமாரி நிறைய அடுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் யார் பாட்டு, யார் பிடில், யார் மிருதங்கம், எந்த வருஷம் என்று பொடி எழுத்தில் எழுதிவைத்திருந்தார். பிள்ளையின் பாட்டைக் கேட்டுவிட்டு, "பல் டாக்டர் வாசல்ல உக்காந்துண்டிருக்காப்பல இருக்கு" என்றார். முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பாட்டு உச்சிக்குப் போகிற சமயம் பார்த்து அவர் வந்து பட்டென்று நிறுத்தினார். இவனும் விடவில்லை. "உங்க வித்வான்கள் காத்தைப் பிசையறதைப் பாக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றான். அன்றோடு பேச்சு நின்றது. "அவனைச் சாப்பிடச் சொல்லு காமு", "அவரை பாங்குக்குப் போகணுமான்னு கேளும்மா" என்று எல்லாம் காமாக்ஷி வழியாகவே போய் வந்தது. இன்று சரியாகும், நாளை சரியாகும் என்று இரண்டு பேருமே இருந்தார்கள். கார்த்திகை முடிகிற சமயத்தில் ஒரு காலை, பேப்பரில் அந்த வருஷத்துச் சபா நிகழ்ச்சிகளைப் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வீடு அசந்திருந்தது. ரேடியோவின் மேல் வேஷ்டியைப் போட்டு மூடியிருந்தார்கள். தீட்டு வீட்டில் பாட்டு கூடாது, வருஷம் முழுக்கவே கூடாது. மார்கழி பிறந்துவிட்டதால் ஊரே பாடிக்கொண்டிருந்தது, இந்த வீடு ஒன்றுதான் வாயை மூடியிருந்தது. பரத்வாஜின் அலமாரியில் அப்பா போவதற்கு இரண்டு நாள் முன்னால் வந்த ஒரு கேசட் கேட்கப்படாமல் கிடந்தது. சிநேகிதன் தௌசீஃப் ஏற்றிக் கொடுத்தது. அவனுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக ஒரு லேத் பட்டறை. அடையாறில் வீடு, வீட்டில் துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய பெரிய செட். வாத்தியாரம்மாவிடமிருந்து பரத்வாஜ் இரவல் வாங்கும் சிடிக்களையெல்லாம் அவன்தான் கேசட்டில் ஏற்றித் தருவான்.

ஒரு பக்கம் மட்டும் கேட்போம் என்று பரத்வாஜ் வாக்மேனை வேஷ்டி மடிப்பில் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டினான். போய்க் கழற்றி வைத்துவிடு என்று மனசு சொன்னது, விரல் பட்டனை அமுக்கியது.

வெர்டிதான். சாகக் கிடக்கும் ஒரு பெண், எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு பாடுகிறாள். குரல் மேலே போகவில்லை, மெலிந்துகொண்டே போனது, நூலாக, அதைவிடப் பொடியாக. அந்த இடத்தில் பரத்வாஜ் உடைந்தான். தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது. எட்டு நாளாக வராதது மொத்தமும் யாரோ ஒரு ஊர் பேர் தெரியாத, பிறக்கவே பிறக்காத பொம்பளைக்காக வந்தது. அது அவனுக்குத் தெரிந்தும் இருந்தது. அழுதுகொண்டே தன்னைத் திட்டிக்கொண்டான்.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். காமாக்ஷி நின்றிருந்தாள். முழங்கால் வலிக்காரி, காய்ந்த புடவையை எடுக்க யாரும் கிடைக்காமல் தானே ஏறி வந்திருக்கிறாள். அவன் பாட்டை நிறுத்தி ஹெட்போனைப் பிடுங்கினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் பக்கத்தில் கிடந்த கேசட் டப்பாவைப் பார்த்தாள். அதன் முதுகில் அப்பாவின் பொடி எழுத்தில் 'டெஸ்ட்' என்று இருந்தது. வெற்றுக் கேசட் இல்லாமல், அப்பாவின் அலமாரியிலிருந்து அவன் தௌசீஃபிடம் எடுத்துக் கொடுத்தது அது.

"அதைக் கேட்டுண்டா அழறே?" என்றாள்.

அவன் வெறுமனே தலையை ஆட்டினான்.

"காமு, காமு, கேக்கறதான்னு கூப்பிடுவாரே, அது இருக்கா? நம்மாத்துக்கு டேப்ரிக்கார்டர் வந்த அன்னிக்கு மொதல்ல அதைத்தான் பேசினார். அப்பறம் வெக்கமே இல்லாம ரெண்டு வரி பாடக்கூடப் பாடினார். ஊரார் பாட்டையெல்லாம் பிடிச்சு வெச்ச மனுஷன், தன் குரலை வெச்சுண்டது இந்த ஒண்ணுலதான்."

தொட்டிச் சுவர் சுட்டது, அவன் முதுகை எடுக்கவில்லை. காமாக்ஷி புடவைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தாள். முப்பத்துநாலு வயசுப் பிள்ளைக்கு மூக்கையும் துடைத்துவிட்டாள்.

"எங்கேடா, சண்டை போட்டவன் மனசு கல்லாயிடுத்தோன்னு நான் பயந்துண்டிருந்தேன். அவர் போனதைவிட அதுதான் என்னைத் தின்னுண்டிருந்தது. போறும், இனிமே நான் தாங்கிண்டுடுவேன்." புடவையைக் கையில் போட்டுக்கொண்டு படி வரை போனவள் திரும்பினாள். "பதிமூணாம் நாள் சுபம் ஆகட்டும். அப்பறம் எனக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டு."

சொன்னபடியே தாங்கினாள். பத்தாம் நாள் பெண்கள் சேர்ந்து அழுதபோது அவள்தான் மற்றவர்களைத் தேற்றினாள். மாடியில் பிள்ளை தனியாக உட்கார்ந்து அப்பா குரலைக் கேட்டு அழுத கதை சமையலறையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து தெருவுக்கும் போனது. மதுவந்தி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்டா தப்பா நெனச்சுட்டேன்" என்று விசும்பினாள். துக்கம் கேட்க வந்த மாமாக்கள் முதுகைத் தட்டினார்கள். பரத்வாஜுக்கு ஒவ்வொரு தட்டலும் அறையாக விழுந்தது. மொட்டை மாடியில் ஒரு நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். இப்போது ஊர் முழுக்க அவன் நல்ல பிள்ளை.

பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். மறுநாள் காலை அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே ஈக்காட்டுத்தாங்கல் போனான். தௌசீஃப் லேத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இன்னா மச்சி, மூஞ்சி இப்படி ஆயிப்போச்சு? உள்ள வா."

பரத்வாஜ் கேசட்டை நீட்டினான். "இதுல முன்னாடி இருந்ததை எப்படியாவது எடுக்க முடியுமா?"

"மேல ஏத்திட்டா அவ்ளோதான் மச்சி. அடியில ஒண்ணும் இருக்காது. ரெண்டு பக்கமும் ரொப்பிட்டேனே." தௌசீஃப் டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். "இதானே, பெரியவர் ஒருத்தர் காமு காமுன்னு கூப்ட்டுக்கினு இருந்தாரே, அதானே? நான்தான் ஏத்தறதுக்கு முன்னாடி உன் ஆபீஸுக்கு போன் போட்டுக் கேட்டேனே. யாரோ பேசறாங்கடா, அழிக்கவான்னு."

"நான் என்ன சொன்னேன்?"

கேட்கும்போதே பரத்வாஜுக்கு ஞாபகம் வந்துவிட்டது. உண்மையில் மறக்கவே இல்லை, அந்தப் பக்கம் போகாமல் பதினாலு நாள் சுற்றிக்கொண்டிருந்தான். சண்டைக்கு அப்புறம் பேச்சு நின்றிருந்த சமயம். தௌசீஃப் கேட்டு முடிக்கும் முன்பே பேசுகிறவர் யார் என்று இவனுக்குத் தெரிந்தது.

தௌசீஃப் தரையைப் பார்த்தான். "அவர் பேசறதைத்தான் தெனம் கேக்கறேனே, அழிச்சிடுன்னே. உங்க நைனான்னு எனக்குத் தெரியாது மச்சி. தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பேனா?"

டீ வாங்கிக் கொடுத்தான். பரத்வாஜ் அதைக் கையில் பிடித்தபடியே ஆறவிட்டு, அப்படியே வைத்துவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்தபோது காமாக்ஷி சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டுக் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மதுவந்தி முதல் நாளே கே.கே. நகருக்குப் போயாகிவிட்டது. வாக்மேன் அம்மா பக்கத்தில் இருந்தது, அவன் அறையிலிருந்து அவளே எடுத்து வைத்திருந்தாள்.

"வா, வா. இதை எப்படி மாட்டிக்கணும்னு தெரியலை. கேசட்டை எங்கே கொண்டு போயிட்டே?"

அவன் எதிரே உட்கார்ந்தான். "அம்மா, அதுல அப்பா இல்லை" என்றான். வழியெல்லாம் பத்து விதமாகத் தயார் செய்துகொண்டு வந்தது இந்த ஒரு வரியாகத்தான் வெளியே வந்தது. "என் பாட்டை அது மேல ஏத்திட்டேன். எல்லாம் அழிஞ்சுபோச்சு."

காமாக்ஷி தரையில் விரலால் எதையோ துடைத்தாள்.

"போனாப் போறது" என்றாள். "டெஸ்ட்டுன்னு எழுதி வெச்சா யாருக்குத் தெரியும்? காமுக்குன்னு எழுதுங்கோன்னு அப்பவே சொன்னேன். அவர்தான் யாராவது பாத்துடப்போறான்னு கேக்கலை. தெரியாமப் பண்ணிட்டே, அதுக்கு என்ன பண்றது?"

தெரியாமல் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். பரத்வாஜ் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவள் கையை நீட்டினாள், அவன் பழக்கத்தில் கேசட்டைக் கொடுத்துவிட்டான். அவளே அதை உள்ளே போட்டு, ஹெட்போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பட்டனை அமுக்கினாள். மாடியில் நிறுத்திய இடத்திலிருந்து அது ஓடியது. ஒரு நிமிஷம் கேட்டாள். அவள் முகத்தில் மெல்ல வேறு ஒரு கணக்கு நடப்பது அவனுக்குத் தெரிந்தது.

"அப்போ அன்னிக்கு மாடியில? இதையா கேட்டுண்டிருந்தே?"

"ஆமாம்மா."

"இதுக்கா அழுதே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் ஒரு பொய்யில் ஐந்து நாள் வெந்தவனுக்கு இன்னொரு பொய் தொண்டையைத் தாண்டவில்லை. தலையை ஆட்டினான். அதே ஆட்டல்தான், மாடியில் பொய்யாக ஆட்டியது இப்போது நிஜமாயிற்று.

காமாக்ஷி ஹெட்போனைக் கழற்றித் தரையில் வைத்தாள். "கேசட்டைப் பத்திச் சொன்னியே, அதை நான் பொறுத்துண்டேன்டா" என்றாள். குரல் உயரவே இல்லை. "இதையும் சொல்லணுமா? அதை வெச்சுண்டுதானே நான் எழுந்து நடமாடிண்டிருக்கேன்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குள் போனாள். யாரும் நிறுத்தாததால் கேசட் தன் பாட்டுக்கு ஓடியது. தரையில் கிடந்த ஹெட்போனிலிருந்து கொசு ரீங்காரம் போல அந்தப் பெண் குரல் கசிந்துகொண்டிருந்தது.

உள்ளே டிக்காஷன் இறங்குகிற வாசனை வந்தது. மணி மூன்றரை. இந்த நேரத்துக்கு வாசல் அறையிலிருந்து, "காமு, ஆச்சா?" என்று ஒரு குரல் வரும். அவள் பதில் சொல்லமாட்டாள். இன்னொரு தரம் வரும், "காமு!" என்று, கொஞ்சம் உரக்க. தினம் அதைக் கேட்டு பரத்வாஜ் பல்லைக் கடித்திருக்கிறான். இப்போது அந்த அறைப் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. அவன் காத்திருந்தான். உள்ளே டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது, பழக்கத்தில் இரண்டுக்குப் பதில் மூன்று வைத்து, அதில் ஒன்றை அவள் திரும்ப எடுத்து அலமாரியில் வைப்பதும் கேட்டது.

அப்போதுதான் அவனுக்கு வந்தது. அப்பா என்று ஒரு தரம் வாய்விட்டே சொன்னான், மேல்துண்டை வாயில் அடைத்துக்கொண்டான், அடங்கவில்லை. அழிச்சிடு என்று சொன்ன தன் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை எதன் மேலும் ஏற்றி அழிக்க முடியாது.

காமாக்ஷி காப்பியோடு வெளியே வந்தாள். தரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து குலுங்கும் பிள்ளையைப் பார்த்தாள். டம்ளரை அவன் முன்னால் வைத்தாள்.

"இப்ப அழறது அப்பாவுக்கும்மா" என்றான் அவன், திக்கித் திக்கி.

அவள் குனிந்து, எந்தப் பட்டன் என்று தேடி, பாட்டை நிறுத்தினாள். வாக்மேனை ஹெட்போனோடு சேர்த்துச் சுருட்டி அவன் கையில் வைத்தாள்.

"மாடிக்கு எடுத்துண்டு போய்க் கேளு" என்றாள். "வாசக்கதவு தெறந்திருக்கு, யாராவது வருவா."