தீ, கண், மூச்சு

படகுப் பட்டறையில் லூசியாவின் இடது கண்ணில் ஹாட்னர் திரவம் தெறித்தபோது அன்ரோனெற் களஞ்சிய வாசலில் நின்று கண்ணாடி நார்ப் பாய்களை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கத்தல் கேட்டு ஓடியவள், லூசியாவை இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தாங்கியின் குழாயடியில் இருத்தினாள். தலையைச் சரித்து, இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

பட்டறை முதலாளி யோகராசா அதற்குள் ஓட்டோவைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏத்துங்கோ ரீச்சர். ஆஸ்பத்திரி கிட்டத்தானே."

"தண்ணி ஓடட்டும்."

"கண் போயிடும் எண்டு விளங்கேல்லையோ?"

"இப்ப தூக்கினாத்தான் போகும் அண்ணை. ஓட்டோ நிக்கட்டும்."

லூசியா எரிவு தாங்காமல் திமிறினாள், வைதாள், அன்ரோனெற்றின் கையைக் கடித்தும் பார்த்தாள். அன்ரோனெற் விடவில்லை. சுற்றி நின்றவர்கள் இதென்ன பிடிவாதம் என்று முணுமுணுத்தார்கள். தாங்கி பாதி வற்றிய பிறகுதான் அவளை எழுப்பி ஓட்டோவில் ஏற்றினாள். மன்னார் ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் வெளிச்சம் பிடித்துப் பார்த்துவிட்டு, பார்வை போகாது, ஒரு மங்கல் மட்டும் இருக்கும் என்றார். கழுவாமல் கொண்டுவந்திருந்தால் அதுவும் இல்லை என்றார்.

பட்டறை மன்னார்த் தீவின் தென்கரையில் இருந்தது. சண்டை முடிந்து, முகாம்களிலிருந்து சனம் திரும்பி வந்தபோது கரையில் படகுகள் இல்லை. எரிந்தவை போக மிச்சம் மண்ணுக்குள் உக்கிக் கிடந்தன. உதவி நிறுவனம் ஒன்று மீனவர்களுக்கு பைபர் படகு கொடுக்க முன்வந்தது. தெற்கே ஒரு படகுக் கொம்பனியில் வருடக்கணக்காக வேலை செய்த யோகராசா, சொந்த இடமான மன்னாருக்குத் திரும்பி, அந்தப் படகுகளைக் கட்டித்தர ஒப்புக்கொண்டு, பழைய கருவாட்டுக் கொட்டில் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். காற்றும் மணலும் உள்ளே வராமல் சுற்றிவரத் தகரம் அடித்தார். ஆண்கள் அச்சுகளைப் பூட்டினார்கள். பெண்கள் அச்சுக்குள் கண்ணாடி நாரை விரித்து, ரெசினை ஊற்றி, உருளையால் தேய்த்துப் படிய வைத்தார்கள். ரெசினை இறுகவைக்க அதில் கலப்பதுதான் ஹாட்னர்.

அன்ரோனெற் வன்னியில் தொண்டர் ஆசிரியையாக விஞ்ஞானம் படிப்பித்தவள். இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்பி வந்த பிறகு நியமனத்துக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி அலுத்து, பட்டறையில் களஞ்சியப் பொறுப்பை ஏற்றாள். எல்லோருக்கும் அவள் ரீச்சர்தான். அவளுடைய கணவன் எமில் கடற்றொழிலாளி. முதலில் முடியப்போகும் படகுகளில் ஒன்று அவனுக்கென்று நிறுவனம் சொல்லியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்ரோனெற் வீட்டுக்குப் போகாமல் நேரே களஞ்சியத்துக்குப் போனாள். அன்றுவரை தான் எப்படி இதைப் பார்க்காமல் இருந்தாள் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. பெரிய வெள்ளைக் கலனில் வரும் ஹாட்னரைக் கையாளச் சுகம் என்று வெற்றுச் சோடாப் போத்தல்களில் பிரித்து வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே, ரெசின் விரைவாக இறுகச் சேர்க்கும் ஊதா நிறக் கோபால்ட். அதற்கு அப்பால், பெண்கள் வேலை முடிந்து கைகழுவும் அசற்றோன். மூலையில் ரெசின் பீப்பாக்கள். பீப்பாக்களிலும் கலன்களிலும் சிவப்புக் கரை போட்ட சாய்சதுரங்களுக்குள் படங்கள் இருந்தன: ஒரு தீச்சுவாலை, ஒரு கையை அரிக்கும் திரவம், நெஞ்சு வெடித்த மாதிரி ஒரு மனித உருவம். தீயும் கையும் அவளுக்கு விளங்கின. மூன்றாவது விளங்கவில்லை. தன்னோடு படித்து, கொழும்பில் ஒரு பெயின்ற் கொம்பனியில் இரசாயனப் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் சுபத்திராவுக்குப் போன் எடுத்தாள்.

"கோபால்ட்டும் ஹாட்னரும் பக்கத்திலயோ?" சுபத்திராவின் குரல் மாறியது. "முதல் அதைப் பிரியும். ரெண்டும் நேர சந்திச்சா வெடிக்கும். பிறகு மிச்சம் கதைப்பம்."

அன்ரோனெற் போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு கோபால்ட்டைத் தூக்கி மற்ற அறைக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

"ரெசினில இருக்கிற நெஞ்சுப் படம் என்ன?"

"அதின்ர ஆவி. மூடின இடத்தில கனகாலம் சுவாசிச்சா தலை, நரம்பு, காது எல்லாத்தையும் பிடிக்கும். வயித்தில இருக்கிற பிள்ளைக்கும் கூடாது எண்டு சந்தேகம்."

"சந்தேகமோ, நிச்சயமோ?"

"சந்தேகம்தான். ஆபத்து வகையளில அதுக்கும் ஒரு வகுப்பு இருக்கு அன்ரோனெற். நிச்சயமாத் தெரியிறதுக்கு ஆக்களை விட்டுப் பாக்கேலாதெல்லே. அதுக்குத்தான் அந்த வகுப்பு."

அச்சுக்குள் இறங்கி வேலை செய்யும் பெண்களில் சுவேதினியும் ஒருத்தி. சாப்பாட்டு நேரத்தில் தலைசுற்றுகிறது என்று சுவரில் சாய்ந்திருப்பாள். முழுகாமல் இருந்தால் அப்படித்தான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அடுத்த நாள் களஞ்சியத்தில் சோடாப் போத்தல் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அன்ரோனெற் தனித்தனி இடங்களுக்குப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெயின்றால் பெரிதாக எழுதியிருந்தாள். அசற்றோனில் 'தீ'. ஹாட்னரில் 'தீ' என்றும் 'கண்' என்றும். ரெசின் பீப்பாக்களில் 'தீ', அதன் கீழே இன்னும் பெரிதாக 'மூச்சு'. பெண்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் சொன்னாள். சுவேதினி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வயிற்றில் கையை வைத்தபடி வெளியே போய்க் காற்றில் நின்றாள்.

யோகராசா வந்து பீப்பாக்களைச் சுற்றிப் பார்த்தார்.

"தீ சரி. கண்ணும் சரி, லூசியாவுக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். கண்ணுக்குப் போடக் கண்ணாடி வேண்டித் தாறன். மற்றதை அழியும்."

"ஏன்?"

"மூச்சு எண்டு எழுதினா, இந்தக் கொட்டிலுக்க ஆக்களை விடேலாது. தகரத்தைக் கழட்டவேணும். கழட்டினா சோளகக் காத்தில மணல் வந்து படகிலை ஒட்டும். ஒட்டின படகை நிறுவனம் எடுக்காது. மணம் எண்டு எழுதும். 'கடும் மணம்'. அது பொய்யில்லைத்தானே?"

"மணம் வேற, நஞ்சு வேற அண்ணை."

யோகராசா பீப்பாவின் மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

"எனக்கு இதில ஒரு மணமும் வாறேல்லை. மல்லிகைப்பூவைக் கொண்டுவந்து வைச்சாலும் வாறேல்லை. எத்தினை வருசம் இதுக்குள்ள நிண்டனான். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ? தெரியும். தெரிஞ்சுதான் செய்யிறன். இந்தப் பட்டறை இல்லாட்டி இந்தப் பெட்டையள் திரும்பவும் நிவாரண அரிசிக்கு வரிசையில நிப்பாளுகள். அதைச் சொல்லும்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் அன்ரோனெற்றுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அரிசிக்காக மூச்சை விற்பதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும். அவையளுக்குத் தெரியாது. அதுதான் வித்தியாசம். நான் அழிக்கமாட்டன்."

அவள் பூசைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, பீப்பாக்களில் இருந்த 'மூச்சு' எல்லாவற்றின் மேலும் யாரோ வெள்ளை அடித்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தவள், பெயின்ற் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வீதிப் பக்கத்துத் தகரச் சுவரில், வண்டியில் போகிறவனும் வாசிக்கும்படி, ஆளுயர எழுத்தில் எழுதினாள்: 'உள்ளே மூச்சுக்கு ஆபத்து'. கொட்டிலின் நிழலில் ஒதுங்கியிருந்த கழுதைகள் வாளிச் சத்தத்துக்கு விலகிப் போயின. யோகராசா வந்து வாசித்துவிட்டு, நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றார். படகு யாருக்கு முதல், யாருக்குப் பிறகு என்பதும் தன் கையில்தான் இருக்கிறது என்று போகிறபோக்கில் சொன்னார்.

எமில் அதைக் கேட்டுக் கொதித்துப்போனான்.

"படகு போனாப் போகட்டும் எண்டு சொல்லுற உரிமை உமக்கில்லை. ஆரின்ரயோ வள்ளத்தில கூலிக்குப் போறது நான்."

"ஓம், நீங்கள்தான். அப்ப நீங்களே சொல்லுங்கோ. போய் அழிச்சிட்டு வாறன்."

எமில் வலையை மடியில் போட்டுப் பொத்தத் தொடங்கினான். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னான்:

"அழிக்க வேண்டாம். ஆனா எனக்குப் படகு வேணும். ரெண்டும் வேணும். ரெண்டையும் கேப்பம்."

காலையில் இருவருமாகப் பட்டறைக்குப் போனபோது வாசல் படலையடியில் பெண்கள் குந்தியிருந்தார்கள். அன்ரோனெற் ஒருத்தியையும் கூப்பிட்டிருக்கவில்லை. கண்ணில் கட்டோடு லூசியா முன்னால் இருந்தாள். சுவேதினி ஒரு துவாயை விரித்து அதில் சாய்ந்திருந்தாள். தகரத்தைக் கழற்றும்வரை உள்ளே போவதில்லை என்று அவர்கள் தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள்.

யோகராசா மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"நேவி காம்புக்கு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். கூட்டம் கூடினதெண்டு வந்து விசாரிப்பாங்கள்."

"வரட்டும்" என்றாள் லூசியா. "முள்ளுக்கம்பிக்குள்ள வைச்சு எங்களை எண்ணினவங்கள்தானே. இன்னொருக்கா எண்ணிப்போட்டுப் போகட்டும்."

அவர் காம்புக்குச் சொல்லவில்லை. நிறுவனத்துக்குச் சொன்னார். மதியத்துக்கு முன் அவர்களுடைய ஜீப் வந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த திட்ட அதிகாரி, இஸ்திரி கலையாத சட்டையோடு இறங்கி, சுவரை வாசித்துவிட்டு அன்ரோனெற்றிடம் வந்தார்.

"இதை இப்பிடி வகைப்படுத்த உங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

"ஒருத்தரும் தரேல்லை. நீங்கள் வகைப்படுத்தித் தந்திருந்தா நான் பெயின்ற் செலவழிச்சிருக்கத் தேவையில்லை."

அதிகாரிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். "ஆபத்து எண்ட சொல் கொஞ்சம் கடும். அசௌகரியம் எண்டு போடலாம். நாங்களும் உங்கட நன்மைக்குத்தானே இதெல்லாம் செய்யிறம்."

"சரி. உள்ளுக்க வாங்கோ. நேற்றுத் தேய்ச்ச படகு காயுது. அதுக்குப் பக்கத்தில நில்லுங்கோ, இவையள் நிக்கிற மாதிரி. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நிண்டிட்டு வந்து, நீங்களே ஒரு பேர் வையுங்கோ. அதை எழுதிறன்."

அவர் போனார். பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரம் வர இன்னும் நிறைய இருக்கும்போதே, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தகரக் கதவைப் பிடித்துத் தடுமாறி வெளியே வந்தார். ஜீப்பின் நிழலில் போய்க் குந்தித் தண்ணீர் கேட்டார். சுவேதினிதான் எழுந்து தன் போத்தலைக் கொடுத்தாள். போத்தலை வாங்கியவர் அவளுடைய வயிற்றைப் பார்த்தார். பிறகு யோகராசாவைப் பார்த்தார்.

"இவவும் இதுக்குள்ளயோ?"

யோகராசா நிலத்தைப் பார்த்தார். "கழட்டினா படகு பிந்தும் சேர்" என்றார்.

"பிந்தட்டும்."

ஆண்கள் குறடும் சுத்தியலும் எடுத்துவந்து கடல் பக்கத் தகரங்களைக் கழற்றினார்கள். முதல் தகரம் விழுந்ததும் காற்று உள்ளே பாய்ந்து, மேசையில் இருந்த நார்த் துண்டுகளை வாரி இறைத்தது.

யோகராசா சொன்னதும் நடந்தது. மணல் வந்தது. காற்றடிக்கும் நேரம் வேலையை நிறுத்தவேண்டியிருந்தது. தேய்த்ததைத் திரும்பத் தேய்த்தார்கள். படகுகள் பிந்தின. அந்தப் பருவம் முழுவதும் எமில் மற்றவன் வள்ளத்தில்தான் போனான். கடைசியில் வந்த அவனுடைய படகின் உட்பக்கம் சொரசொரவென்று, கையை வைத்தால் மணல் தட்டுப்பட்டது. அவன் அதைப் பற்றி ஒருநாளும் முறைப்படவில்லை. ஆனால் கூலிக்குப் போன மாதங்களை மறந்துவிடவும் இல்லை. கோபம் வந்தால் சொல்லிக்காட்டுவான்.

அன்ரோனெற்றை யோகராசா திருப்பி எடுக்கவில்லை. "நீர் சொன்னது சரி. ஆனா என்ர படலையில என்னைத் தலைகுனிய வைச்ச உம்மை நான் உள்ளுக்க விடமாட்டன்" என்று நேரே முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவளுக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. களஞ்சியப் பொறுப்பு சுவேதினிக்குப் போனது. ரீச்சரின் வேலையைப் பறிக்கமாட்டேன் என்று அவள் அழுதாள். அன்ரோனெற்தான் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய்க் களஞ்சியப் பூட்டின் திறப்பை வாங்க வைத்தாள்.

வாடைக்காற்று தொடங்கிய பிறகு, பேசாலைப் பக்கம் புதிதாக ஒரு படகுப் பட்டறை திறந்திருக்கிறது என்றும், அதற்கும் சுற்றிவரத் தகரம்தான் என்றும் லூசியா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அன்ரோனெற் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டாள். இருவரும் பேசாலை பஸ்ஸில் ஏறினார்கள். பட்டறை வாசலில் காவற்காரன் கதிரையிலிருந்து எழும்பாமல் யாரைப் பார்க்க வேண்டும், முதலாளியையா என்று கேட்டான்.

"முதலாளி பிறகு" என்றாள் அன்ரோனெற். "முதல் உள்ளுக்க வேலை செய்யிற ஆக்களைக் கூப்பிடுங்கோ."