கதவோரத்து ராணிகள்

காடைகள் கோழிகளைப் போலக் காலையில் முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டுவதில்லை. சாயங்காலம் விளக்கு போடுகிற நேரத்தில் சத்தமில்லாமல் உருட்டிவிடும். அந்த நேரத்தில் கொட்டகைக்குள் நுழைவதென்றால் அவளுக்குத் தனிக் குஷி. கொஞ்ச நாளாக அந்தக் குஷிக்குக் கேடு வந்திருந்தது. கதவோரத்துக் கூண்டு வரிசையில் மட்டும் புள்ளி போட்ட முட்டைகள் கம்பிச் சரிவில் கொழுகொழுவென்று கிடந்தன. உள்வரிசைகளில் ஒன்றிரண்டு, அதுவும் கோலிக்குண்டு மாதிரி. போதாததற்கு ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன.

"கறிக்கடைக்காரர் சனிக்கிழமை வர்றாரு. குடுத்துடலாம்மா. நீ தினமும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுத் திரியறத என்னால பாக்க முடியல" என்றான் கணவன். தையல்காரன். எதையும் ஒரே வெட்டில் முடித்துவிடுவான். குஞ்சாக அவள் உள்ளங்கையில் வாங்கி வளர்த்தவை. அவற்றைக் கறியாக நினைக்கவே அவளால் முடியவில்லை.

இத்தனைக்கும் கால்நடை மருத்துவர் சொன்ன மெத்தியோனின் பொடியை அவள் விடாமல் தீவனத்தில் போட்டுத்தான் வந்தாள். தீவனத்துச் சோயாவில் புரதம் நிறைய உண்டு, இந்த ஒரு அமினோ அமிலம்தான் குறைச்சல்; அது போதாவிட்டால் முட்டை சிறுக்கும், இறகைப் பிடுங்கித் தின்னும். துணி மலையாகக் கிடந்தாலும் நூல் தீர்ந்தால் தையல் நின்றுபோகும் என்று கணவனுக்கே அவள் விளக்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் நாத்தனாரின் சமையல். உருளைக்கிழங்கு வறுவலை வாயில் போட்டதும் கணவனின் முகம் அஷ்டகோணலானது.

"என்ன பாப்பா இது? ஒரு வாய் உப்புக் கரிக்குது, அடுத்த வாய் சப்புன்னு இருக்கு."

"கடைசியிலதாண்ணா உப்பு ஞாபகம் வந்துச்சு. மேலாப்ல தூவி ஒரு கிளறு கிளறினேன்."

அவள் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகவில்லை. "அய்யய்யோ! நானும் அதத்தான பண்றேன்!"

எச்சில் கையோடு கொட்டகைக்கு ஓடினாள். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

"குமிச்ச தீவனத்து மேல பொடியக் கொட்டி, ரெண்டு புரட்டுதான் புரட்டுவேன். முதல் வாளி மேலாப்ல இருந்து அள்ளுறது. அது நேரா கதவோரத்துக்குப் போகுது. இந்த ராணிங்க அத்தனையையும் முழுங்கிடுச்சுங்க!"

"அப்ப என் வறுவலாலதான் வெளிச்சம் வந்துச்சுன்னு சொல்லுங்க அண்ணி" என்று நாத்தனார் இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பொடியை முதலில் ஒரு பிடித் தீவனத்தில் பிசறி, அதை ஒரு தட்டுத் தீவனத்தில் கலந்து, அதைப் பெரிய தொட்டியில் போட்டுப் புரட்டினார்கள். புரட்டிக்கொண்டே கணவன் கைபேசியைத் தோளில் இடுக்கினான். "அண்ணே, நாளைக்கு வராதீங்க. எப்பவா? வீட்டுல கேட்டுச் சொல்றேன்."

அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கையெல்லாம் தீவனமாக இருந்ததால் தப்பித்தான்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், உள்வரிசையின் முன்னால் மூவரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். ஒரு காடை எழுந்து உடம்பைச் சிலிர்த்தது. கொழுகொழு முட்டை ஒன்று சரிவில் உருண்டு விளிம்பில் வந்து முட்டி நின்றது. கணவன் கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி அதைச் சுற்றிப் பிடித்தான்.

"எவ்வளவு?" என்றாள்.

அவன் நாடாவைத் திருப்பிக் காட்டினான். எண்களின் மேல், முட்டையின் இன்னும் காயாத பழுப்புப் புள்ளி ஒன்று ஈரமாக ஒட்டியிருந்தது.