வியாழக்கிழமை வைத்த கைநாட்டு

பஸ் முதலாளி தங்கசாமி என் வீட்டுக்கு வருவார் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் தெரு மண் அவர் செருப்பில் ஒட்டியதே கிடையாது. அன்று வந்தார். கூடவே இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆபீசர் ஒருவர், கோட்டும் கக்கத்தில் காகிதக் கட்டுமாக. நான் கழுத்து வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் கிடந்தேன். என் மைத்துனன் அருணகிரி மடியில் கொடுவாளை வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். தங்கசாமியைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும் என்று நானே இருபது நாளாக நினைத்துக்கொண்டிருந்தவன்தான்.

சேலத்திலிருந்து ராசிபுரம் டூரிங் கொட்டகைக்குச் சினிமாப் படப்பெட்டி கொண்டுபோவது என் வேலை. பர்மாச் சண்டையில் மூன்று வருஷம் மோட்டார் சைக்கிளில் தபால் சுமந்தேன். திரும்பி வந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய வண்டி ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். தங்கசாமிக்கு இது பொறுக்கவில்லை. அவர் பண்ணையில் ஏர் ஓட்டியவன் மகன் அங்கமுத்து, புழுதி கிளப்பிக்கொண்டு அவர் பஸ்ஸையே முந்துவதா?

விபத்து நடந்த திங்கட்கிழமை சாயங்காலம் மல்லூர் தாண்டி அவர் பஸ்ஸை முந்தப் போனேன். டிரைவர் கை காட்டி வழி விட்டான். நான் பக்கத்தில் வந்ததும் முன் சீட்டிலிருந்து தங்கசாமி போட்ட கூச்சல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“உடாதடா அவனெ! ஒடிடா அந்தப் பக்கம்!”

டிரைவர் ஒடித்தான். தகரம் என் முழங்காலைக் கிழித்தது. ரோட்டில் விழுந்தேன். பஸ்ஸின் பின் சக்கரம் என் இடது முன்கை மேல் ஏறி இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தத்தை என் காதாலேயே கேட்டேன். தங்கசாமி இறங்கி வந்தார். தண்ணீர் கொடுக்க வந்தார் என்றா நினைக்கிறீர்கள்? விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டார். “குடிச்சுப்போட்டு உழுந்து கெடக்கறான், வண்டிய எடுடா” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் மயக்க மருந்து கொடுத்து, முழங்கைக்குக் கீழே அறுத்து எடுத்துவிட்டார்கள். அறுத்த கையைத் துணியில் சுற்றி என் மனைவி பழனியம்மாளிடம் கொடுத்தார்கள். உடம்பில் ஒரு பாகமாக இருந்தாலும் மண்ணுக்குள் வைக்க வேண்டுமே. அன்று மத்தியானமே எங்கள் ஊர் பனமரத்துப்பட்டிச் சுடுகாட்டில் குழி தோண்டி, கையைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசிப் புதைத்தாள்.

குளிப்பாட்டும்போது கட்டைவிரலில் கறுப்பு மை இருந்ததாம். மூன்று தரம் தேய்த்தும் போகவில்லையாம். “உங்க கையில மை ஏதுங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கும் விளங்கவில்லை.

பஸ் வைத்திருப்பவர்கள் இன்ஷூர் செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அந்த வருஷம்தான் அமலுக்கு வந்திருந்தது. தவறு பஸ்ஸின் மேல் என்றால் கம்பெனி நஷ்டஈடு தரும். என் மேல் என்றால் செல்லாக்காசு கூடக் கிடைக்காது. இனி எனக்கு மோட்டார் சைக்கிளும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. பஸ் மோதிப் பலத்த காயம் என்று மட்டும் கம்பெனிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தேன். அதற்குத்தான் ஆபீசர் வந்திருந்தார்.

அவர் ஒரு பத்திரத்தைப் பிரித்துக் காட்டினார். “குடித்திருந்தேன், நானாகவே விழுந்தேன், பஸ் மேல் தவறில்லை என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். இது உன் இடது கைப் பெருவிரல் ரேகைதானே?”

பார்த்தேன். சின்ன வயதில் கதிர் அறுக்கும்போது பட்ட வெட்டுத் தழும்பு கோடாகத் தெரிந்தது. என் ரேகையேதான். பழனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மை எப்படி வந்தது என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கிவிட்டது.

“என்னுதுதானுங்க. எப்ப வெச்சேனுங்க?”

“வியாழக்கெழம காத்தால,” என்று தங்கசாமி முந்திக்கொண்டார். “நல்ல நெனவோட இருந்தான். நாந்தான் கட்டலுக்குப் பக்கத்துல நின்னேன். அவனாத்தான் கைய நீட்டுனான்.”

“உங்க கண்ணால பாத்தீங்களா?” என்று அவரைக் கேட்டேன்.

“எம் புள்ளைக மேல சத்தியமாப் பாத்தேன்டா!”

ஆபீசர் அதையும் எழுதிக்கொண்டார். நான் கம்பளியை உதறித் தள்ளினேன்.

ரத்தக்கறை படிந்த கட்டோடு என் இடது கை முழங்கைக்குக் கீழே முடிந்திருந்தது. தங்கசாமியின் முகம் வெளிறிப் போயிற்று.

“அந்தக் கைய செவ்வாக்கெழமையே பொதச்சுட்டேனுங்க,” என்றாள் பழனியம்மாள். “ரெண்டு நாள் கழிச்சுக் குழிய உட்டு எந்திரிச்சு வந்து உங்ககிட்ட நீட்டுச்சுங்களா?”

தங்கசாமி ஆஸ்பத்திரி ஆள் எவனுக்கோ காசு கொடுத்து, வெற்றுப் பத்திரத்தில் ரேகை வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். அறுத்துப் போட்ட கையில் எடுத்தது என்று அவன் மூச்சு விடவில்லை. மயக்கத்தில் வாங்கியது என்றால் செல்லாதே என்று இவர் தேதியைத் தள்ளி எழுதிவிட்டார். எங்கள் தெருப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் என் கை போனது தெரிந்திருக்கும்.

“வாய மூடுடி!” என்று பழனியம்மாள் கன்னத்தில் அறைந்தார் தங்கசாமி. அவள் சுவரில் மோதி விழுந்தாள். அருணகிரி பாய்ந்தான். கொடுவாள் தங்கசாமியின் கழுத்துக்கு மேல் உயர்ந்துவிட்டது. நான் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். தரையில் இடித்துக் கட்டெல்லாம் ரத்தம்.

“உடுங்க மாமா! ஒரே வெட்டு!”

விட்டுவிடத்தான் எனக்கும் ஆசை. சத்தியமாக ஆசை.

“வேண்டா மாப்ளே. செத்துட்டா இவரு நல்லவராயிருவாரு. உசுரோட கோர்ட்டுல நிக்கட்டும்.”

கொடுவாள் இறங்கியது. ஆபீசர் கண்டதையெல்லாம் எழுதி முடித்தார். காகிதத்தை என் முன் வைத்து, வழக்கப்படி மைப்பெட்டியைத் திறந்தார். நான் அதை ஒதுக்கிவிட்டுப் பேனாவைக் கேட்டேன். பட்டாளத்துச் சம்பளப் புத்தகத்தில் போட்டது போலவே, இங்கிலீஷில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏர் ஓட்டியவன் மகன் என்றால் கைநாட்டுதான் என்று நம்பி வந்த தங்கசாமி, மை காயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.