வாசலில் ஓர் அவசரத் தீர்மானம்

என் தங்கை புருஷனுக்கு ஊரில் ‘மைக்’ என்று பெயர். அவர் பேச ஆரம்பித்தால் சாலையில் போகிற பஸ்கள் தாமாகவே நின்றுவிடும். பிரேக்கைத் தொடவே இல்லை என்று டிரைவர்கள் சத்தியம் செய்வார்கள். பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அரசு மருத்துவமனையில் இதயப் பிரிவை மூடியதும், டாக்டர்கள் சாலையைக் கடந்து எதிரே இருந்த தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். மெஷின்களும் கூச்சப்படாமல் பின்னாலேயே போயின. பிரிவைத் திரும்பத் திறக்கும்வரை அந்தத் தனியார் வாசலை எங்கள் ஊர்ச் சங்கத்தார் யாரும் மிதிப்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். சங்கத்துக்கு மாப்பிள்ளைதான் தலைவர். தினமும் அந்த வாசலுக்கு எதிரிலேயே கூட்டம்.

அன்று மதியம் பேச்சின் நடுவே மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். முதலில் கைதட்டினார்கள். முகம் வெளிறி, சட்டை தொப்பலாக நனைந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

அரசு மருத்துவமனை நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்து நாடி பார்த்தாள். “மாரடைப்பு. அடைப்பு எடுக்க எங்ககிட்ட வசதி இல்ல. அங்க கொண்டு போங்க, சீக்கிரம்,” என்று தனியார் வாசலைக் காட்டினாள்.

சங்கச் செயலாளர் ஸ்ட்ரெச்சருக்குக் குறுக்கே நின்றார். “தீர்மானம் இருக்கே.”

“உயிர் போகுதுய்யா,” என்றேன்.

“தெரியுது பெரியவரே. இவர் உள்ள போனா, உங்க தலைவரே எங்ககிட்டதான் வந்தாருன்னு நாளைக்கே போஸ்டர் அடிப்பான். அப்புறம் அந்த வார்டு இந்த ஜென்மத்துல திறக்காது. அங்க காசு கட்ட வக்கில்லாதவன் எங்க போவான், சொல்லுங்க.”

 

தீர்மானத்தை மாற்ற இன்னொரு தீர்மானம் வேண்டும்; அது அவர்கள் வழக்கம். ஸ்ட்ரெச்சரைச் சுற்றி அவசரக் கூட்டம் கூடியது. தலைவரை உள்ளே கொண்டுபோகலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். ஒருவர் வழிமொழிந்தார். ‘உள்ளே’ என்பதை ‘வாசல்வரை’ என்று மாற்றலாமே என ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. திருத்தத்தை முறைப்படி தோற்கடித்துவிட்டுக் கை தூக்கினார்கள். இரண்டு பக்கமும் சமம்.

“சமமானா தலைவர் ஓட்டு,” என்று செயலாளர் குனிந்தார். “தலைவரே, உள்ளயா, வேணாமா?”

மாப்பிள்ளை பாதிக் கண்ணைத் திறந்தார். “நான்... நடுநிலை.” கண் செருகிவிட்டது.

ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் நின்றிருந்த என் தங்கை, புருஷன் கையைப் பிடித்து மேலே தூக்கினாள். “ஆச்சு. வழிய விடுங்க.”

“அம்மா, அது அவரா தூக்கின கை இல்லையே.”

“மேடை ஏறுறப்பல்லாம் இந்தக் கைய நான்தான் தூக்கி விடுறேன். அப்ப ஒருத்தரும் ஆட்சேபிக்கல. இப்ப மட்டும் என்ன?”

வழி விட்டார்கள். ஸ்ட்ரெச்சர் பின்னால் நான் ஓடிய வேகத்தில் என் செருப்பு மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

ஆபரேஷன் அறைக் கதவு மூடிக்கொண்டது. எதிர்த்துக் கை தூக்கியிருந்த செயலாளரும் உள்ளே வந்து சுவரைப் பார்த்து நின்றார். தங்கை அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். டாக்டர் வெளியே வந்து மாஸ்க்கை இறக்கும்வரை மூன்று பேரும் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை.

“அடைப்பு எடுத்தாச்சு. பிழைச்சுட்டார்.”

மறுநாள் மருத்துவமனை நிர்வாகி பூங்கொத்தும் போட்டோக்காரருமாக வந்தார். “ஒரே ஒரு படம்மா. வாசல்ல பெரிசா வைக்கணும்.”

மாப்பிள்ளைக்குப் பேச்சு எழும்பவில்லை. தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மூடிக் கிடக்கும் வார்டு முழுசும் இருந்தது.

“உயிரக் காப்பாத்தினவங்க கேக்குறீங்க. எடுத்துக்குங்க,” என்றாள் அவள்.

நிர்வாகி கட்டிலருகே பூங்கொத்தை நீட்டிப் பல் தெரியச் சிரித்தார். பிளாஷ் அடிக்கும் நேரத்தில், தங்கை வெள்ளைப் போர்வையை இழுத்துப் புருஷனைத் தலையோடு மூடினாள்.

“அவருக்குக் குளிருது.”

போட்டோக்காரர் கேமராவைப் பார்த்தார். பிறகு நிர்வாகியைப் பார்த்தார்.

“சார், இத வாசல்ல வச்சீங்கன்னா ஒருத்தன் உள்ள வர மாட்டான்.”

போர்வை லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.