தானாக மிதந்த கெண்டை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சாந்தோம் முழுக்கத் தெரியும். அந்தக் கோபத்தில்தான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் தோட்டத்துக் குளத்தில் மயில்துத்தத்தைக் கொட்டினேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம். குளத்துத் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சைப்பசேலென்று கிடந்தது. கொசுவுக்கு ஊற்ற மண்ணெண்ணெய் ஏது, விளக்குக்கே இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணராமன் தினமும் வேலியோரம் வந்து மூக்கைப் பிடித்துக் காட்டுவார். பாசி சாகத் துத்தம் போடச் சொன்னவரும் அவர்தான். ஒரு பலம் போதும், துணியில் முடிந்து தண்ணீரில் இழுக்க வேண்டும், இந்த வாரம் பாதிக் குளம், அடுத்த வாரம் மீதி என்றார். அந்த விஷமே வீட்டுக்குள் வரக்கூடாது என்றாள் என் மனைவி மர்சலின். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற வாத்தியார் நான், எனக்கு இவர்கள் பாடம் நடத்துவதா? அவள் கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் சொன்ன அளவைப்போல் இருபது மடங்கை ஒரேயடியாகக் கொட்டினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் சூசையப்பர் திருநாள். அன்றைக்கு ஒரு கிழவர், ஒரு பெண், ஒரு குழந்தை என்று ஏழைகள் மூன்று பேரைத் திருக்குடும்பமாக எண்ணி உட்காரவைத்துச் சோறு போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அவர்கள் கை கழுவிய பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். அந்த வருஷம் திருநாள் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் வந்தது. கறி ஆகாது, மீன்தான்.

மத்தியானம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது குழம்பு வாசனை வாசல்வரை வந்தது. மூன்று பேரும் சாப்பிட்டுப் போய்விட்டிருந்தார்கள். எங்கள் ஐந்து வயது மகள் ஆனி பசி பசி என்று மர்சலினின் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தாள். மர்சலினுக்கு ஒரே சந்தோஷம். காலையில் குளத்துக் கெண்டைகள் தாமாகவே மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தனவாம். கூடையால் அள்ளினாளாம். சூசையப்பரே அனுப்பிவைத்தார் என்றாள்.

நேற்று நான் கொட்டிய துத்தம் நினைவுக்கு வந்தது. சாப்பிட்டவர்கள் யார் என்று கேட்டேன். நொச்சிக்குப்பத்து மீன்காரி எல்லம்மா, அவள் மாமனார், அவளுடைய மூன்று வயதுப் பையன். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு மிஞ்சியது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

செய்ததைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம். ஏதோ ஒரு சாக்குச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

குப்பத்து மணலில் சைக்கிள் உருளவில்லை. அதைப் போட்டுவிட்டு ஓடினேன். எந்தக் குடிசையிலாவது ஒப்பாரி கேட்கிறதா என்று காது அலைந்தது. பிள்ளையைக் கொன்றவன் என்று என்னை இழுத்துப் போவார்கள் என்றும் தோன்றியது, அப்படித் தோன்றியதற்காகவும் என்னையே திட்டிக்கொண்டேன்.

கட்டுமரத்து நிழலில் பையன் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கி வாயைத் திறந்து பார்த்தேன். அவன் வீறிட்டான். எல்லம்மா ஓடிவந்தாள். மீனைத் தின்றானா என்று கேட்டேன். அவள் தயங்கினாள்.

"கோச்சுக்காதீங்க வாத்யாரே. தானா மெதந்த மீன நாங்க தொட மாட்டோம். மெதந்த கதையச் சொல்லி அம்மா ஆசையா போட்டாங்க, வேணான்னா மூஞ்சி வாடிடும். யாருமே துண்ணல, அப்டியே இலையோட மடிச்சிட்டேன்."

மணலிலேயே உட்கார்ந்து அழுதேன். சூசையப்பருக்குப் பத்து மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

எல்லம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மீனுல இன்னா கீது வாத்யாரே? உங்க பாப்பா பசின்னு அழுதுகினு இருந்துச்சே."

அப்போதுதான், மர்சலினிடம் சொல்லிவிட்டு வந்த சாக்கு என் காதில் விழுந்தது.

"பள்ளிக்கூடத்துச் சாவிய மறந்துட்டேன். எனக்காகக் காத்திருக்காதே, ஆனிக்குப் போட்டு நீயும் சாப்பிடு."