ஸ்வான்சன் வேலிக்கதவு

கண்காட்சி சனிக்கிழமை திறப்பு. இரண்டு நாள் முன்பே வெண்டல் ஹசெக்கை ஊர் அருங்காட்சியகத்துக்கு வரச் சொல்லியிருந்தாள், அதைக் கவனித்துக்கொள்ளும் டார்லீன். கிரேலி சகோதரர்களைத் தேடிப்போன போலீஸ்காரர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். பார்க்க வருகிறவர்கள் பொத்தானை அமுக்கினால் அவர் குரல் கேட்க வேண்டும் என்பது அவள் திட்டம்.

1961இல் அந்தச் சகோதரர்கள் பதினொரு நாளில் நெப்ராஸ்கா மாநிலம் நெடுக ஆறு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர்களுடைய துப்பாக்கியும் கைவிலங்கும் இருந்தன. சுவரில் ஒரு படம்: இருபத்து நான்கு வயது வெண்டல், சீருடையில்.

"அப்போ உங்களுக்கு இடுப்புன்னு ஒண்ணு இருந்திருக்கு," என்றாள் டார்லீன்.

அவர் சிரித்துவைத்தார். கண் பக்கத்து வரைபடத்தில் இருந்தது. குற்றவாளிகள் போன சிவப்புக் கோடு, அவர் காவல் நின்ற சாலைத்தடுப்புக்குச் சற்று முன்னால் விலகி, மேய்ச்சல் நிலத்துக்குள் புகுந்து போனது. 'எல்மர் ஸ்வான்சனின் வேலிக்கதவு திறந்து கிடந்ததால் தப்பினார்கள்' என்று கீழே எழுதியிருந்தது. பெட்ரோல் நிலையத்தில் கடைசி இரண்டு பேர் செத்தது அதற்கு அரைமணி நேரம் கழித்து.

எல்மர், டார்லீனின் அப்பா. மாடு வளர்க்கிற ஊரில் வேலிக்கதவைத் திறந்துபோட்டவன் என்ற பெயர் ஒன்றே ஒருவனைத் தலைகுனிய வைக்கும். எல்மர் தலையில் இரண்டு உயிர் போன பழியும் சேர்ந்து விழுந்தது. தேவாலயத்தில் அவர் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

அப்பா பெயரை எழுதாமல் விட்டிருக்கலாமே என்று வெண்டல் கேட்டார்.

"என் அப்பாங்கிறதுக்காக மறைக்க முடியுமா? சாத்தினேன், சாத்தினேன்னே கடைசி வரைக்கும் சொன்னார். ஆஸ்பத்திரியில, 'இப்பவாவது உண்மையைச் சொல்லுப்பா'ன்னு கேட்டேன். அதுக்கப்புறம் என்கிட்ட அவர் பேசலை."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பதிவுக்கருவியை முடுக்கி அவர் முன்னால் வைத்தாள். தயாராக வைத்திருந்த கதையை வெண்டல் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னார்.

அன்று தடுப்புக்கு வந்தது உள்ளூர்க்காரர் ராய் டூலியின் டிரக். அந்தப் பக்கத்தில் ஆளின் முகத்துக்கு முன்பே வண்டியை அடையாளம் கண்டுகொள்வார்கள். தொப்பியை முகத்துக்கு இறக்கிவிட்டு ஓட்டிவந்தவன், ஊரில் எல்லோரும் செய்வதுபோல ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினான். இவரும் விரலை உயர்த்தினார், தடுப்பை நகர்த்தினார். கிரேலி சகோதரர்கள் ராயைக் கொட்டகையில் கட்டிப்போட்டு வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற செய்தி ரேடியோவில் வந்தபோது டிரக் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருந்தது. தன் பக்கம் எதுவும் வரவில்லை என்று மேலதிகாரியிடம் சொன்னார். அப்படியானால் அவர்கள் தப்பிப்போனதற்கு வேறு வழி ஒன்று இருந்தாக வேண்டும்.

"உங்கப்பா கதவைச் சாத்தித்தான் வெச்சிருந்தார், டார்லீன். அன்னிக்குச் சாயங்காலம் சங்கிலியைக் கழட்டிவிட்டது நான்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த கருவியை நிறுத்தி, அது வரை பதிவானதை அழித்துவிட்டு, மறுபடி முடுக்கினாள்.

"முதல்லேருந்து சொல்லுங்க. உங்க பேரு, பதவி, தேதி. எனக்குச் சொல்ல வேண்டாம். ஊருக்குச் சொல்லுங்க."

வெண்டல் தன் பெயரைச் சொன்னார். அது அவருக்கே கேட்கவில்லை.

"சத்தமா," என்றாள் டார்லீன்.